கதையடுக்கில் வைத்த சாவு

பங்குனி முதிர்ந்து வெயில் தன் முழு வலியையும் காட்டத் தொடங்கியிருந்த காலம் அது. பருத்தி எடுத்து ஓய்ந்து, மிளகாய் வற்றலும் களத்தைவிட்டு மூட்டைக்குள் ஏறிவிட்ட பின்னர், கரிசல் நிலம் கையகல வெடிப்புகளைத் திறந்துகொண்டு, அடுத்த மழைக்கு இன்னும் ஆறு திங்கள் கிடப்பதை அறிந்ததுபோல் அசையாது கிடந்தது. விளாத்திகுளத்திலிருந்து மேற்கு நோக்கி வரும் சாலையில், அறுத்த கம்பந்தட்டையின் அடிக்கட்டைகளும், அவற்றை மேய்ந்து நகரும் செம்மறிக் கூட்டங்களும், அக்கூட்டங்கள் எழுப்பும் புழுதியும் தவிர வேறொன்றும் கண்ணிற் படாத நிலை மெல்ல மாறி, நூற்பாலைச் சுவர்களும், தீப்பெட்டி ஆலைகளின் தகரக் கூரைகளும், வெல்லப்பாகு கொதிக்கும் கடலைமிட்டாய்க் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தலைகாட்ட, மதுரையிலிருந்து நெல்லைக்குச் செல்லும் தொடர்வண்டி ஊதிக்கொண்டு நிலையத்துள் நுழைய, கோவில்பட்டி நகரம் முற்பகல் பத்து மணியின் பரபரப்பில் இருந்தது.

நூலறிந்த நல்லீர், அந்நகரின் கடைத்தெருவைக் கடந்து நிலையத்துக்குச் செல்லும் வழியில், வணிகர் அறக்கட்டளை ஒன்று எழுப்பிய மூன்றடுக்கு நூலகத்துக்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன். வாயிலில் மெருகேற்றிய கருங்கல்லில், கட்டடத்துக்குக் கொடுத்தோர் பெயரும், படிக்கட்டுக்குக் கொடுத்தோர் பெயரும், குடிநீர்த் தொட்டிக்குக் கொடுத்தோர் பெயரும் பெரிய பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் நாற்பதாயிரம் நூல்களை எழுதியவர்களில் ஒருவர் பெயரும் அக்கல்லில் இல்லை. அதை எவரும் ஒரு குறையாக இதுவரை சொன்னதில்லை.

அந்நூலகத்தின் இரண்டாம் மாடியில், தெற்குச் சாளரத்தை ஒட்டிய மேசையில், ஐம்பத்தோர் அகவை நிரம்பிய கல்யாணசுந்தரி அம்மையார் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே தொழிலைச் செய்துவந்தார். புதிய நூல் ஒன்று வந்தால், அது சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெற்று அவரது மேசைக்கு வரும். அவர் அதன் பொருளை ஆராய்ந்து, மருத்துவமா, வேளாண்மையா, வரலாறா, கதையா என்று தேர்ந்து, அதற்குரிய பகுப்பெண்ணை அதன் முதுகில் ஒட்டி, கணினிப் பட்டியலில் அதன் விவரத்தை ஏற்றி, இறுதியில் தம் பெயரின் முதலெழுத்துகளாகிய 'க.சு.' என்பதை இட்டு, உரிய அடுக்குக்கு அனுப்புவார். ஓர் எண்ணை இட்டபின் அதை மாற்றும் வழக்கம் அவரிடம் இல்லை. தாம் வைத்த இடத்தில் ஒரு நூல் இல்லையென்றால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஊரார் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்பர். அது முற்றிலும் பொய்யன்று.

அன்று முற்பகல், நூற்பாலை உடையோடு, இரவு முறை முடித்து உறங்காத கண்களோடு, இருபத்து நான்கு அகவையுடைய பெண்ணொருத்தி படியேறி வந்தாள். காலணியை வாயிலில் கழற்றவில்லை. அமைதி காக்க என்று எழுதியிருந்த பலகையையும் அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.

"மேடம், க.சு.ன்னா யாரு?"

"நான்தாம்மா. கல்யாணசுந்தரி. என்ன வேணும்?"

"உங்க மூஞ்சியப் பாக்கணும்னுதான் வந்தேன்" என்று சொல்லி, கையில் கசங்கியிருந்த ஒரு தாளை மேசைமீது அடித்து வைத்தாள் அவள். அந்நூலகத்தின் முத்திரை பதிந்த, கணினிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட தாள் அது. 'ஐந்தாவது கொட்டகை. எழுதியவர்: சீனித்தாய். வகை: புதினம். பகுத்தவர்: க.சு.' என்று அதில் இருந்தது.

"எங்கம்ம செத்தது கதையா மேடம்? ஆமான்னு எழுதி வச்சிருக்கிய. நேத்து வக்கீல் இத எந்திரிச்சு நின்னு வாசிச்சாரு. அங்கன இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாவ. எங்கம்மயப் பத்தி எங்க ஊரு சொல்லுததுதான் நெசம், இது கதைன்னு ஆயிப்போச்சு. போதுமா? உங்களுக்கு மனசு நெறைஞ்சுதா?"

முத்துசெல்வி என்னும் அப்பெண் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து நான் சொல்கிறேன். அவள் நாகலாபுரத்தை அடுத்த சிற்றூரில், ஆடு மேய்க்கும் குடியில் பிறந்தவள். அவளுக்குப் பத்து அகவை இருக்கையில், தந்தை காமராஜ் அறுவடை முடிந்த நெல்வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதற்காகத் தாமிரபரணிக் கரைக்குச் சென்றிருந்த ஒரு பங்குனித் திங்களில், தாய் சுந்தரம்மாள் நாட்கூலிக்கு வெடியாலை ஒன்றுக்குச் சென்றாள். அவ்வாலைக்கு நான்கு கொட்டகைகளுக்கே அரசின் ஒப்புதல் உண்டு. ஆனால் ஆலையார் கிணற்றுக்குக் கிழக்கே ஐந்தாவதாக ஒன்றை ஓசையின்றி எழுப்பி, அதில் சுந்தரம்மாளையும் சீனித்தாய் என்னும் மற்றொருத்தியையும், எந்தப் பதிவேட்டிலும் பெயரெழுதாமல், மருந்து அடைக்க உட்கார்த்தியிருந்தனர். நண்பகலில் தீப்பற்றியது. நான்காம் கொட்டகையில் இறந்த மூவரின் பெயர்கள் நாளிதழில் வந்தன. ஐந்தாவது கொட்டகையோ ஏட்டில் இல்லாதது. இல்லாத கொட்டகையில் எவர் இறக்க முடியும்? தீ அணைந்த அன்று மாலைக்குள் மண்தள்ளும் வண்டி வந்து அவ்விடத்தை நிரவிவிட்டது. சுந்தரம்மாள் எங்கே என்று கேட்டவர்களுக்கு, அவள் அன்று வேலைக்கே வரவில்லை என்றும், யாரோடோ போய்விட்டாள் என்றும் ஆலையின் கண்காணிப்பாளன் சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண்ணைப் பற்றி இத்தகைய சொல்லை நம்புவதற்கு ஊருக்குச் சான்று எதுவும் தேவைப்படுவதில்லை.

தண்ணீர் குடிக்க வெளியே சென்றதால் உயிர்பிழைத்த சீனித்தாய் மட்டும் முதல்நாள் முதலாகவே உண்மையைச் சொன்னாள். வெடியில் அறிவு கலங்கியவள் என்று அவளை ஒதுக்கினர். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த பின்னர், பள்ளிக்கூடத்துக் கோட்டு நோட்டுகளில் தன் கைப்பட எழுதி, சிறு அச்சகம் ஒன்றில் சில படிகள் அச்சிட்டு, அவற்றுள் ஒன்றை இந்நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஈராண்டுக்கு முன் இறந்தும்போனாள். இப்போது முத்துசெல்வி, தன் தாயின் சாவைப் பதிவுசெய்ய வேண்டி முறையிட்டதன்பேரில் அரசு அலுவலர் ஒருவர் உசாவல் நடத்துகிறார். அவள் கையிலிருந்த ஒரே சான்று அந்நூல். அதைத்தான் ஆலையின் வழக்கறிஞர் சதீஷ்குமார், நூலகமே கதையென்று அறுதியிட்ட ஒன்று என்று காட்டி, ஒரே தாளில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்.

கல்யாணசுந்தரி எழுந்து, புதினங்கள் நிறைந்த அடுக்குக்குச் சென்று, அந்நூலை உருவி எடுத்தார். மெலிந்த நூல், நூற்றுப் பத்துப் பக்கங்களே இருக்கும். எட்டாண்டுகளுக்கு முன், புதிய படிப்புக்கூடத் திறப்பு விழாவுக்கு முன்னர் எண்ணூறு நூல்களைப் பதினைந்து நாளில் பகுத்துத் தரும்படி நேர்ந்தபோது, தலைப்பையும் முதற்பக்கத்தையும் மட்டும் பார்த்து எண்ணிட்ட நூல்களுள் அதுவும் ஒன்று. முதற்பக்கத்தை இப்போது மீண்டும் பார்த்தார். 'ஒரு ஊர்ல ரெண்டு பொம்பளைக இருந்தாவ. ஒருத்தி சாவப் போறா. ஒருத்தி தண்ணி குடிக்கப் போறா' என்று அது தொடங்கியது. பேச்சு வழக்கில் எழுதிய புதினம் என்று அன்று அவர் நொடியில் முடிவுகட்டியதற்கு அந்த மூன்று வரிகளே போதுமாயிருந்தன. வேறெப்படித் தொடங்குவது என்று சீனித்தாய்க்குத் தெரிந்திருக்குமா? குழந்தைகளைத் தூங்கவைக்க அவள் கேட்டதும் சொன்னதும் அப்படித்தான். தன் வாழ்வின் தலையாய கொடுமையையும் அப்படியே தொடங்கியிருக்கிறாள்.

அதற்கடுத்த பக்கத்தை அம்மையார் அன்று புரட்டவில்லை. இன்று புரட்டினார். முத்துசெல்வி எதிரே உட்காராமல் நின்றுகொண்டிருக்க, உச்சிப்பொழுது கடந்து வெயில் மேற்கே சாயும் வரை, ஒரு சொல்லும் விடாமல் படித்தார். அதில் கண்காணிப்பாளனின் பெயர் இருந்தது. மண்தள்ளும் வண்டி வந்த நேரம் இருந்தது. கிணற்று மேட்டிலிருந்து கிழக்கே எத்தனை எட்டில் கொட்டகை, அதன் கதவு எத்திசை பார்த்தது, கூரை எத்தனை தகரம் என்றெல்லாம் இருந்தன. வடக்குச் சுவரோரம் சுந்தரம்மாள் வைத்திருந்த தூக்குவாளியில், திருமணத்தின்போது அவள் பெயரும் கணவன் பெயரின் முதலெழுத்தும் வெட்டப்பட்டிருந்தன என்பதும், அன்று அதில் கம்பங்கூழும் ஒரு வெங்காயமும் இருந்தன என்பதும் இருந்தன. முடிவில் ஒரு பக்கம் முழுதும், 'சுந்தரம் ஓடல, சுந்தரம் ஓடல' என்று ஒரே தொடர் எழுதியிருந்தது. அச்சுக் கோத்தவர் அதை ஒரு வரியும் குறைக்காமல் கோத்திருந்தார்.

நூலை மூடியபோது அம்மையாருக்கு எழுந்தது அழுகையன்று; சினம். அது முதலில் தம்மீதே மூண்டது. எண்ணூறு நூல், பதினைந்து நாள் என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார், அந்தச் சாக்கு எடுபடவில்லை. ஒருத்தி உயிரைப் பிழிந்து எழுதியதை, அரை மணித்துளியில் அடுக்கித் தள்ளிவிட்டு, கீழே பெயரெழுத்தையும் பெருமையாய் இட்டிருக்கிறோமே என்று பல்லைக் கடித்தார். பின்னர் அச்சினம், முத்திரையிட்ட அந்தத் தாளின்மீது சென்று நின்றது. முத்திரை வைத்திருப்பவர் இந்நூலகத்தில் ஒருவர்தாம்.

அறக்கட்டளையின் செயலாளர் நவநீதகிருஷ்ணன், அம்மையாரின் சிற்றப்பன் மகன். அம்மையாருக்கு இவ்வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவருடைய மனைவியின் உடன்பிறந்தான்தான் அவ்வெடியாலையின் உரிமையாளன். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல், நெற்றியில் நீறு குலையாமல், எவரிடமும் குரல் உயர்த்திப் பேசியறியாத மனிதர் அவர். இத்தகையோரிடம் சண்டையிடுவதைப்போல் கடினமானது வேறில்லை.

"புத்தகத்த நாம ஒளிச்சு வைக்கலயே, கல்யாணி. எடுத்துப் படிக்கிறவன் படிக்கட்டும். எந்த அடுக்குல இருந்தா என்ன?" என்றார் அவர், நூலோடு தம் அறைக்கு வந்து நின்ற அம்மையாரிடம்.

"எந்த அடுக்குல இருந்தா என்னன்னா, அந்தத் தாள எதுக்கு அண்ணாச்சி சீல் போட்டு வக்கீல்ட்ட கொடுத்திய?"

"கேட்டாரு, கொடுத்தேன். பொய்யாவா கொடுத்தேன்? நீ எழுதி வச்சதத்தான கொடுத்தேன்."

"நான் எழுதுனது தப்பு. இப்ப மாத்துதேன்."

செயலாளர் புன்னகைத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'ஒருமுறை இட்ட பகுப்பெண்ணை ஆட்சிக்குழுவின் ஒப்புதலின்றி எவரும் மாற்றலாகாது' என்னும் விதி அது. அதை எழுதியவர் கல்யாணசுந்தரியேதாம். குழு உறுப்பினர் சிலர் தம் உறவினர் எழுதிய பாட்டு நூல்களைப் பின்வரிசையிலிருந்து எடுத்து நுழைவாயில் அடுக்கில் அடிக்கடி வைத்துவிட்டுப் போனதைப் பொறாமல், பத்தாண்டுகளுக்கு முன் அவர் போராடிக் கொண்டுவந்த விதி. தாம் கட்டிய வேலி தம் காலையே கிழிப்பதை அவர் நின்று பார்த்தார்.

"கமிட்டி வைகாசியில கூடும். அங்கன வந்து சொல்லு. அதுக்குள்ள அந்த விசாரண முடிஞ்சு போயிரும், நீயும் நிம்மதியா இருக்கலாம்."

"அந்தப் பிள்ளைய ஓடிப்போனவ மகள்னு சொல்லுதாவ, அண்ணாச்சி. பதினாலு வருசமா."

"ஊரு ஆயிரம் சொல்லும். நீ எதுக்குக் கெடந்து துடிக்க? உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கப் போறேன்" என்று சொல்லி, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார் அம்மையார். அந்நூலகத்தில் கதவு ஒன்று அவ்வளவு ஓசையோடு சாத்தப்பட்டதை அங்கிருந்தோர் அன்றுதான் கேட்டனர்.

அடுத்த அமர்வு சித்திரை முதல் வாரத்தில் நடந்தது. சுழலும் மின்விசிறிக்குக் கீழே, கோப்புகளுக்கு நடுவே, வியர்த்துக் களைத்த உசாவல் அலுவலர் வீற்றிருந்தார். ஒருபுறம் ஆலை உரிமையாளனும், அவனுக்குத் துணையாய்ச் சதீஷ்குமாரும், பின்வரிசையில் மடிப்புக் கலையாத வேட்டியோடு நவநீதகிருஷ்ணனும் இருந்தனர். மறுபுறம் முத்துசெல்வி தனியாக இருந்தாள். தந்தை காமராஜ் அவளோடு வரவில்லை. ஓடிப்போனவள் பெயரை எடுக்காதே என்று பதினான்கு ஆண்டுகளாக வீட்டில் ஆணையிட்டிருந்தவர் அவர். தாமே முன்வந்து சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்று கல்யாணசுந்தரி எழுந்தபோது, சதீஷ்குமார் அவரை வரவேற்பவர்போல் கைகூப்பினார்.

"அம்மா, இருபத்தாறு வருச அனுபவம் உள்ளவங்க நீங்க. கதைன்னு எழுதுனதும் நீங்கதான், இப்ப இல்லைன்னு சொல்லுததும் நீங்கதான். நாங்க எத நம்ப?"

"முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டு எழுதுனேன். மிச்சத்தப் படிக்கல. அது என் தப்பு."

"அப்படின்னா உங்க நூலகத்துல இன்னும் எத்தன புத்தகம் தப்பா இருக்கு?"

அந்த வினாவுக்குத்தான் அவர் பல இரவு அஞ்சிக் கிடந்தார். தாம் ஒரு வாழ்நாளைக் கொடுத்து அடுக்கிய நாற்பதாயிரம் நூல்களும் அவ்வொரு வினாவில் சரிந்து விழுவதை அவர் அறிந்தார். ஆயினும் குரல் தளரவில்லை.

"தெரியல. இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும். ஆனா மத்த தப்பால ஒரு பொம்பளையோட மானம் போகல."

"அப்ப இந்தப் புத்தகம் உண்மைன்னு சாட்சி சொல்ல வந்திருக்கிய, அப்படித்தான?"

"உண்மையா பொய்யான்னு சொல்ல நான் ஆளில்ல. அதக் கண்டுபிடிக்கத்தான் அய்யா உக்காந்திருக்காவ" என்று சொல்லி, அம்மையார் வழக்கறிஞரை விட்டுவிட்டு அலுவலரை நோக்கித் திரும்பினார். "கதைன்னு நான் எழுதி வச்சதால யாரும் தேடிப் பாக்கல, அய்யா. கிணத்து மேட்டுல இருந்து கிழக்க எழுபத்திரண்டு எட்டுன்னு இதுல எழுதியிருக்கு. கதையா இருந்தா அங்கன ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் தோண்டிப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா என்னயத் தூக்கி உள்ள வைங்க."

வழக்கறிஞர் மறுப்புரைத்தார். உரிமையாளன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் நெற்றியில் அரும்பிய வியர்வையை அலுவலரும் கண்டிருக்க வேண்டும். நெடுநேரம் நூலைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளே நிலத்தைப் பார்வையிடுவதென ஆணையிட்டார்.

கரிசல் மண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. கோடையில் வெடித்து வாயைத் திறக்கும்; மழையில் மூடிக்கொள்ளும்; இடைப்பட்ட காலத்தில் விழுந்ததை விழுங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். பதினான்கு ஆண்டுகளாக மக்காச்சோளம் விதைத்து அறுத்த அந்நிலத்தில், கிணற்று மேட்டிலிருந்து அளந்து நடந்து, மண்தள்ளும் வண்டி ஒன்று இடுப்பளவு தோண்டியபோது, முதலில் கருகிய தகரம் வந்தது. பின்னர்ச் சிமெந்துத் தரை வந்தது. தரையின் வடக்கு விளிம்பில், நசுங்கித் தட்டையாகி, ஆயினும் துருவேறாமல், தூக்குவாளி ஒன்று வந்தது. அலுவலரின் உதவியாளர் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்துகளைத் தடவித் தடவி, 'கா. சுந்தரம்மாள்' என்று வாய்விட்டு வாசித்தார். அதனருகே கிடைத்த சில எலும்புகளைத் துணியில் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். முத்துசெல்வி குழியின் விளிம்பில் நின்றாள். அவள் அழவில்லை, உரிமையாளன் நின்ற திசையைப் பார்த்துக் காறித் துப்பினாள். எவரும் அவளைத் தடுக்கவில்லை.

ஆவணி பிறந்தபோது ஆணை வந்தது. சுந்தரம்மாள், அகவை முப்பத்தொன்று, ஒப்புதலின்றிக் கட்டப்பட்ட ஐந்தாவது கொட்டகையில் வேலைசெய்துகொண்டிருந்தபோது வெடித்தீயில் இறந்தாள் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. உரிமையாளன் கண்காணிப்பாளன்மீது பழியைப் போட்டு, பிணையில் வெளியே வந்து, வழக்கம்போல் கோவில் கொடைக்குத் தலைமை தாங்கினான். இதை எழுதும்போது எனக்குக் கை கொதிக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான். வைகாசியில் கூட வேண்டிய ஆட்சிக்குழு கூடவேயில்லை. கல்யாணசுந்தரியைப் பகுப்பு மேசையிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் நாளிதழ் அடுக்கும் வேலையில் வைத்தனர். அவர் நாளிதழ்களை நாள்வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆணையின் படியோடு முத்துசெல்வி ஒருநாள் முற்பகலில் அங்கு வந்தாள். "எங்க ஊருக்கு வாங்க, மேடம். இத நான் தெருவுல வாசிக்கப் போறேன். கதைன்னு எழுதுன கையும் கூட வரணும்" என்றாள். அழைப்பா, கட்டளையா என்று அம்மையார் கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு உடன் சென்றார்.

அச்சிற்றூரின் தெருவில், ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பிப்போய்ப் புழுக்கையும் புழுதியுமாய்க் கிடந்த வெளியில், முத்துசெல்வி முதல் வீட்டு வாசலில் நின்று ஆணையை உரக்க வாசித்தாள். இரண்டாம் வீட்டிலும் வாசித்தாள். கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளில் இன்னும் உரக்க வாசித்தாள். பள்ளியில் அவளை எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதையும், அவளுக்கு வந்த பெண்பார்ப்பு எந்த வீட்டார் வாயால் நின்றது என்பதையும், அந்தந்த வாசலிலேயே சொன்னாள். பதினான்கு ஆண்டு வன்மம் ஒரு சொல்லும் சிந்தாமல் அவளிடம் இருந்தது. அவளுடைய அத்தை சுப்புத்தாய், காமராஜின் உடன்பிறந்தவள், ஓடிப்போனாள் என்ற சொல்லை முதலில் வீடு வீடாய்க் கொண்டுசென்றவள், வாசலுக்கு வந்து மறித்தாள்.

"செத்துப்போனவள எதுக்குட்டி தெருவுல போட்டு இழுக்க?"

"ஓடிப்போனவளத்தான அத்தை நீங்க இம்புட்டு நாளா இழுத்திய? எங்கம்ம இன்னைக்குத்தான் செத்துருக்கா. நின்னு கேளுங்க."

சுப்புத்தாய் நின்று கேட்டாள். பாதியில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துசெல்வி அதற்காக வாசிப்பதை நிறுத்தவில்லை.

கடைசியாக அவள் ஊர்க்கோடியில் இருந்த ஆட்டுப்பட்டிக்குச் சென்றாள். நோயுற்ற கிடாய் ஒன்றுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்த காமராஜ் தலை நிமிரவில்லை. மனைவியின் சேலைகளை அன்றே எரித்தவர், படத்தை உடைத்தவர், மகள் அம்மா என்று அழுதபோதெல்லாம் கையோங்கியவர். மகள் அவர் முன்னே நின்று முழுவதையும் வாசித்து முடித்தாள். கிடாய் அவர் பிடியிலிருந்து நழுவி ஓடியது.

"பேரச் சொல்லுங்க" என்றாள் முத்துசெல்வி.

அவர் கிடாய் ஓடிய திசையைப் பார்த்தார்.

"பதினாலு வருசமா அவ, இவ, அந்த மூதேவின்னிய. இன்னைக்குப் பேரச் சொல்லுங்க."

"சுந்தரம்மா" என்றார் காமராஜ். மீண்டும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மகள் குனிந்து அவரைத் தூக்கவில்லை; அவர் சொல்லி முடிக்கும் வரை நின்றாள். பின்னர்த் திரும்பி, பட்டிப் படலோரம் நின்ற கல்யாணசுந்தரியைப் பார்த்தாள். அப்பார்வை எதைக் கேட்கிறது என்று அம்மையார் அறிந்தார்.

"சுந்தரம்மாள்" என்றார் அவர். "நீ அலைஞ்சதுல எட்டு வருசம் என்னால. என்னைய மன்னிச்சிரும்மா."

பொய் சொல்ல முத்துசெல்விக்கு மனம் வரவில்லை.

"மன்னிக்க முடியல, மேடம். ஆனா நீங்க வந்து சொன்னதையும் மறக்க மாட்டேன். வாங்க, விளாத்திகுளத்து பஸ் வந்துரும். ஏத்தி விடுதேன்."

இருவரும் சாலைக்கு நடந்தனர். ஒரு நூலை எந்த அடுக்கில் வைப்பது என்று தேர்வது சிறு தொழில்போல் தோன்றும். ஆனால் எதைத் தேடிப் பார்க்க வேண்டும், எதைப் படித்துவிட்டு மறந்துவிடலாம் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது அத்தொழில்தான். அதில் நேர்ந்த பிழையைத் தம் பிழை என்று எழுந்து நின்று சொல்வோர் அரியர். சொன்னபின்னும் மன்னிப்புக் கிட்டாமற் போகலாம் என்பதைப் பொறுத்துக்கொள்வோர் அவரினும் அரியர். நல்லீர், ஆட்சிக்குழு இன்னும் கூடவில்லை. சீனித்தாயின் நூல் இன்றும் புதினங்களுக்கு நடுவேதான் இருக்கிறது. அவ்வழியே செல்வீராயின் அதை எடுத்து, முதற்பக்கத்தோடு நின்றுவிடாமல் இறுதிவரை படியுங்கள்.